நகரா அடித்தபோது விழுந்த கோல்

1955-இல் நோன்பு மாதத்தில்தான் கடலாடியில் அந்தக் கோப்பைப் போட்டியின் இறுதி ஆட்டத்தை வைத்தார்கள். அதுவும் மாலை நாலரை மணிக்கு. மன்னார் யூனியன் கால்பந்து கிளப்பின் பதினொரு பேரில் ஆறு பேர் நோன்பாளிகள் என்பது போட்டிக் கமிட்டிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பெருநாள் கழித்து வையுங்கள் என்று நேரில் போய்க் கேட்டிருந்தார்கள். முடியாது என்ற கமிட்டிச் செயலாளர், பெரிய மனது பண்ணி ஒரு வாக்கு மட்டும் கொடுத்தார். பள்ளிவாசலில் நோன்பு திறக்க நகரா முரசு அடித்ததும் ரெபரி விசில் ஊதி ஆட்டத்தை இரண்டு நிமிடம் நிறுத்துவாராம்.

அந்த வாக்கை முழுதாக நம்பியவர் கோல் கீப்பர் சுஐபு. தொழில், சங்கு குளிப்பது. மூச்சை அடக்கிக்கொண்டு கடலடியில் சங்கு தேடுகிறவர், வள்ளத்தில் கயிற்றைப் பிடித்திருப்பவன் சொன்னபடி இழுப்பான் என்று நம்பியாக வேண்டும். நம்பாவிட்டால் பிழைப்பில்லை. அந்தப் பழக்கத்தில் சட்டை மடிப்புக் கலையாத அந்தச் செயலாளரையும் நம்பிவிட்டார், பாவம்.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று கூடுதல் நேரத்துக்குப் போனது. நகரா முழங்கியது. நோன்பாளிகள் நின்றார்கள். எதிரணியும் நின்றது. சுஐபு கம்பத்தடியில் வைத்திருந்த சொம்பை எடுத்து, பிஸ்மி சொல்லி, ஒரு மிடறு விழுங்கினார். ரெபரி மட்டும் விசில் ஊதவில்லை. அதைக் கவனித்த எதிரணி ஆள் ஒருவன் காலடியில் கிடந்த பந்தைத் தட்டிவிட்டான். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு, சுஐபின் முதுகுக்குப் பின்னால் கோலுக்குள் போனது. ரெபரி அப்போதுதான் விசிலை ஊதினார், கோல் என்று.

"வாக்குக் குடுத்தீகளேய்யா" என்றார் சுஐபு.

"எழுத்துல இருக்கா?" என்று வாய் கூசாமல் கேட்டார் செயலாளர்.

மன்னார் யூனியன் மைதானத்தை விட்டு வெளியேறியது. கோப்பை போனது போதாதென்று, பாதியில் வெளியேறிய குற்றத்துக்கு இரண்டு வருடத் தடையும் வந்தது. கோல் கீப்பர் தன் அசட்டையால் கோல் விழுந்ததென்று எழுதிக் கொடுத்தால் தடையை நீக்குவார்களாம். என்ன நியாயம் இது?

கிளப் தலைவர் கருவாட்டு வியாபாரி அப்துல் ஹமீது, காகிதத்தோடு சுஐபின் வீட்டுக்கு வந்தார்.

"ஒரு கையெழுத்துத்தானேப்பா. போட்டா கிளப்பு பொழைக்கும்."

"நோன்பு தொறந்தது அசட்டைன்னு எழுதச் சொல்றீகளா காக்கா? அந்தாளு வாக்குக் குடுக்கையில நீங்களும் பக்கத்துலதானே நின்னீக."

ஹமீது காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். போய், தானே எழுதிக் கொடுத்தார். தவறு கீப்பருடையது, அவரை நீக்கியாயிற்று என்று. தடை நீங்கியது. கிளப் தொடங்கிய நாற்பத்தேழிலிருந்து கோலில் நின்ற மனிதருக்கு, டீக்கடைச் சுவரில் ஒட்டிய நோட்டீசைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குக் கோப்பையைக் கொடுத்தவன் என்று ஊரில் பேச்சாகிவிட்டது.

தை மாதம் அதே மைதானத்தில் அடுத்த போட்டி. போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போன சுஐபு, தலையில் துண்டைப் போட்டுக் கூட்டத்துக்குப் பின்னால் நின்றார். மன்னார் யூனியனில் பத்துப் பேர் இறங்கினார்கள். கோலில் யாருமில்லை.

"கீப்பர் யாருய்யா?" என்றார் ரெபரி.

"ஊருல இருக்காரு. கூப்பிட்டு விடுங்க, ஆடுறோம்" என்றார் கேப்டன் சின்னச்சாமி. பெரியபட்டினம் பாதையில் மாட்டு வண்டி ஓட்டுகிறவர்.

ஹமீது வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏலே, எவனாவது போயி நில்லுங்கலே. தோத்தாலும் பரவால்ல. ஆடாட்டி கிளப்பையே எடுத்துருவாக."

பத்துப் பேரில் ஒருவரும் அசையவில்லை. கால் மணி நேரம் பார்த்துவிட்டு ரெபரி எதிரணி வென்றதாகச் சொன்னார். கிளப்பின் பெயரை அங்கேயே பட்டியலிலிருந்து அடித்தார்கள்.

சுஐபு துண்டை உருவிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து போய் சின்னச்சாமியின் சட்டையைப் பிடித்தார்.

"யாரைக் கேட்டு இப்படிச் செஞ்சீக? நான் போனா போறேன். கிளப்பு இருக்க வேணாமா?"

சின்னச்சாமி அந்தக் கையை விலக்கவில்லை.

"அன்னைக்கு நோன்பில்லாத நாங்க அஞ்சு பேரு சும்மாதானே நின்னோம் சுஐபு. விசில் ஊதலைன்னு தெரியும். பந்து உருண்டு வாரதையும் பாத்தோம். ஒரு சத்தம் குடுத்திருந்தா நீ திரும்பியிருப்ப. நோன்பு தொறக்குற மனுசன எப்படிக் கூப்பிடுறதுன்னு நின்னுட்டோம். இதை எவன்கிட்டயாவது சொன்னோமா? நீ பேச்சு வாங்குறதக் கேட்டுக்கிட்டே இருந்தோம்."

சுஐபின் கை தானாகச் சட்டையை விட்டது. பதினொரு பேரும் சின்னச்சாமியின் வண்டியிலேயே நெருக்கியடித்து ஊர் திரும்பினார்கள்.

கீப்பரின் அசட்டையால் கலைந்த கிளப் என்று கமிட்டி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்களாம். பொய்யர்கள்.