இடது காலை இழுத்த பேய்

தம்பி எந்த அறைக்குள் போவதாக இருந்தாலும் வாசலில் நின்று ஒருமுறை கனைத்துவிட்டுத்தான் நுழைவான். சொந்த வீட்டுச் சமையலறையானாலும் அப்படித்தான். சளி என்று அக்கா முதலில் நினைத்தாள். பெயின்ட் வாடை தொண்டையில் தங்கிவிட்டது என்று பிறகு நினைத்தாள். பல வருடங்கள் கழித்துத்தான் விளங்கியது. ஆள் வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், நடையோ பூனை நடை. சொல்லாமல் கொள்ளாமல் பின்னால் வந்து நின்றால் யாருக்கும் தூக்கிவாரிப் போடும். யாரையும் பயமுறுத்திவிடக் கூடாதே என்ற கவலைதான் அந்தக் கனைப்பு. அவன் பேயாக நடிப்பவன் என்று தெரிந்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அவன் தொழில் சுவருக்கு வண்ணம் அடிப்பது. ஒரு வீடியோ கம்பெனியின் அலுவலகத்துக்கு வேலைக்குப் போனவன், ஏணி இல்லாமல் வெறும் முக்காலி மேல் ஏறிக் கூரைக்குத் தூரிகை போட்டுக்கொண்டிருந்தான். கீழே நின்று பார்த்த முதலாளி, "நாளைக்கு வர்றியா? பேச வேணாம், இருட்டுல நடந்தா போதும்" என்றார்.

அந்தக் கம்பெனி எடுத்த பேய்ப் படத்தில் முதல் பாகம் மட்டும்தான் தியேட்டரைப் பார்த்தது. அதில் பேயாக வந்தவர் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். போய் வா என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் பாகம் முதல் பேய் இவன்தான்; எல்லாம் நேராகக் கேசட்தான். அதே பாழடைந்த பங்களா, அதே முகமூடி, தோட்டக் குழாயிலிருந்து அதே மழை. போன பாகத்தில் எரிந்தோ மூழ்கியோ போன பேய் மறுபடி எழுந்து வர ஒரு காரணம் வேண்டும்; அதற்கு மட்டும் புதிதாக ஒரு காட்சி எழுதுவார்கள். அவனிடம் யாரும் கதை சொன்னதில்லை. "பேய்க்கு எதுக்குய்யா கதை? வா, பயமுறுத்து, போ" என்பார் டைரக்டர்.

தியேட்டரில் ஓடுகிற படமென்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஜனங்கள் அலறுவதைக் கேட்கலாம். கேசட் அப்படியில்லை. யாரோ பையில் போட்டு எடுத்துப்போய், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள். ஐந்து பாகம் வரை நடந்தும், தன்னைப் பார்த்து ஓர் ஆள் பயந்ததை அவன் கண்ணால் கண்டதில்லை. கூடவே இருந்த அக்காவும் பார்க்கவில்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுப்பான். "எனக்குப் பயம்டா" என்று வாங்கி அலமாரியில் வைத்துவிடுவாள். அவளுக்குப் பயமெல்லாம் இல்லை. கணவனைப் பறிகொடுத்த பின், செத்தவன் எழுந்து வருகிற கதையை உட்கார்ந்து பார்க்க அவளால் முடியவில்லை. அதை அவனிடம் அவள் சொன்னதில்லை.

சனிக்கிழமைகளில் அவன் கேசட் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பான், தன் படத்தை யார் எடுக்கிறார்கள் என்று பார்க்க.

"அண்ணே, நீங்க இப்படி வாசலை மறைச்சு உக்காந்தா வர்றவன் பயந்து ஓடிடுறான்" என்றார் கடைக்காரர்.

"நிஜமாவே பயப்படுறானா?" என்று ஆசையாகக் கேட்டானாம்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு வந்ததும் வராததுமாக, "அக்கா, ஒருத்தங்க பாத்திருக்காங்க" என்றான்.

"யாரை?"

"என்னைத்தான். ஒரு பாகம் விடாம."

"ஐயோ பாவம்" என்றாள் அக்கா.

"கிண்டல் பண்ணாதே, கேளு." பேன்ட் நீளம் குறைத்துத் தைக்கும் கடையில் வேலை செய்யும் ஒரு பெண்மணி. கேசட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள்: மூணாம் பாகத்துல பேய் வலது காலை இழுக்குது, நாலுல இடது காலை இழுக்குது, அஞ்சுல ஒரு தடவை இது, ஒரு தடவை அது. அப்ப ரெண்டு பேய்தானே? ரெண்டாவது யாரு? கடைக்காரர் ஸ்டூலைக் கைகாட்டியிருக்கிறார்.

நடந்தது வேறு. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் ரொம்ப நாள் ஓடிவிட்டது. எந்தக் காலை இழுத்தோம் என்று அவனுக்கு மறந்துபோனது. டைரக்டரைக் கேட்டான், அவர் கேமராக்காரரைக் கேட்டார், அவர் இடது என்று அடித்துச் சொன்னார். ஐந்தாம் பாகத்தின்போது சாரத்திலிருந்து விழுந்து நிஜமாகவே கால் வீங்கியிருந்தது. வலித்த நாளில் ஒரு கால், வலிக்காத நாளில் ஒரு கால்.

"தப்பா நடந்துட்டேன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"எப்படிக்கா சொல்றது? பகல் பூரா ஊரான் காலைப் பாத்துட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தனியா உக்காந்து என் காலையும் பாத்திருக்காங்க. அவங்ககிட்ட போய்த் தப்புன்னு சொல்வாங்களா?"

"பின்ன என்ன சொன்ன?"

"ஆறாம் பாகத்துல தெரியும்னு சொல்லிட்டேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆறாம் பாகம் எடுக்கிறாங்களா?"

"தெரியலையே" என்றான்.

அதற்குப் பிறகு அவன் முதலாளியை விடவில்லை. ரெண்டு பேய், ஒரே சம்பளம் என்றதும் டைரக்டருக்கும் யோசனை பிடித்துப்போனது. ஆறாம் பாகத்தை எடுத்தே விட்டார்கள். கடைசிக் காட்சியில் ஒரு சுவரின் இந்தப் பக்கம் ஒரு பேய், அந்தப் பக்கம் ஒரு பேய். இரண்டும் அவனே. இந்தப் பக்கம் நின்று முடித்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றான்.

ஆனால் கேசட் எடுக்கிற ஜனம் அதற்குள் குறைந்துவிட்டது. ஆறாம் பாகம் கடைக்கு வருவதற்கு முன்பே கம்பெனியை மூடினார்கள். எடுத்த டேப்பையெல்லாம், அழித்து மேலேயே பதிந்துகொள்ளச் சொல்லி, முதலாளி கல்யாண வீடியோ எடுப்பவருக்குக் கொடுத்துவிட்டார்.

"யாரோ ஒரு ஜோடிக்கு என் மேலயே கல்யாணம் நடக்குதுக்கா" என்று சிரித்தான். அன்று அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடங்களில் குரூப் போட்டோ எடுக்கப் போய்விட்ட டைரக்டரைத் தேடிப் பிடித்து, ரெண்டாவது யாரு சார் என்று கேட்டான். "அதை ஏழுல பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்யா" என்றார் அவர்.

தையல் கடைக்குப் போய், படம் வராது, ஆனால் கதையை நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தான். "நல்லா யோசிச்சே சொல்லுங்க, நான் எங்க போகப் போறேன்" என்றாளாம் அவள்.

அன்றிலிருந்து சாயங்காலம் மாடி அறையில் நடக்க ஆரம்பித்தான். போகும்போது வலது காலை இழுத்து, வரும்போது இடது காலை இழுத்து. கீழே அக்காவுக்குக் கேட்கும். சாப்பிடும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பான்.

"ரெட்டைப் பிள்ளைன்னு வெச்சா?"

"அதைப் படம் பாக்காத நானே சொல்லிடுவேனே."

"இவனைக் கொன்னவன்தான் ரெண்டாவதுன்னா?"

"கொன்னவன் எதுக்குடா இவன் வீட்டையே சுத்தணும்? ஒத்துவரல."

தனக்கே தெரியாமல் அக்காவும் பாத்திரம் கழுவும்போது அதையே யோசித்தாள். வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஒருநாள் காலையில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டே, "பிடிச்சுட்டேன்கா, யாருன்னு" என்றான்.

"யாருடா?"

"மொதல்ல கேட்டவங்களுக்குச் சொல்லிட்டு வந்துடறேன். நீ கேசட்டைப் பிரிச்சுகூடப் பாக்காதவ, உனக்கென்ன அவசரம்?"

கையில் இருந்த வேலை ஒரு மாடிப்படிச் சுவர். அதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறான். பாதிச் சுவரில் பெயின்ட் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. களைத்துப்போய்ச் சாய்ந்திருக்கிறான் என்று கூட வேலை செய்தவர்கள் வெகுநேரம் எழுப்பவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றாள். புடவைத் தலைப்பில் வெட்டு நூல்கள் ஒட்டியிருந்தன. அக்கா தானாகவே, "தம்பி உங்களுக்கு எதாவது தரணுமா? சொல்லுங்கம்மா, குடுத்துடறேன்" என்றாள்.

"காசெல்லாம் இல்லைங்க. ஒண்ணு சொல்றேன்னு சொல்லியிருந்தார். கடைக்காரர்தான் விஷயம் சொன்னார். கேக்கறதா வேணாமான்னு தெருமுனையிலயே நின்னுட்டிருந்தேன்."

"ரெண்டாவது பேயா?"

அவள் முகம் மலர்ந்தது. "உங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

"பிடிச்சுட்டேன்னான். யாருன்னு சொல்லல. மொதல்ல உங்களுக்குத்தான்னான்."



"நீங்க பாத்தா தெரியும்ங்க" என்றாள் அவள். "கூடப் பிறந்தவங்க. அவர் என்ன நினைச்சிருப்பார்னு உங்களுக்குத் தெரியாதா?"

"நான் ஒண்ணுகூடப் பாத்ததில்லைம்மா" என்றாள் அக்கா. சொன்ன பிறகு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் கோபப்படவில்லை. "எப்பவாவது தோணினா சொல்லுங்க. அந்தப் பக்கம் வந்தா கடையிலதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் கேசட் கடைக்காரரிடமிருந்து பிளேயர் ஒன்றை இரவல் வாங்கி, அலமாரியில் இருந்ததையெல்லாம் அக்கா பார்த்தாள். முகமூடி போட்டவன் தாழ்வாரத்தில் நடக்கிறான். பயம் வரவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலது, வலது, பிறகு இடது. திரும்பப் போட்டாள். மாடியில் நடந்து நடந்து அவன் என்னத்தைக் கண்டான் என்று பிடிபடவே இல்லை. தானாக ஒன்றைச் சொல்லிவிடலாம். அந்தப் பெண் நம்பிவிடுவாள். ஆனால் அது அவன் சொன்னதாகாது.

தையல் கடையைத் தாண்டித்தான் சந்தைக்குப் போக வேண்டும். அக்கா போகும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மடியில் யாருடைய பேன்டோ கிடக்க, அந்தப் பெண் நிமிர்ந்து பார்ப்பாள். அக்கா இல்லை என்று தலையை ஆட்டுவாள். அவள் சரி என்று தலையசைத்துவிட்டு மெஷினைப் பார்த்துக் குனிந்துகொள்வாள்.