ஃபெமினாவின் மாத்திரை

கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில், சின்னப் பெண்கள் தங்கும் கட்டடத்துக்கு ஃபெமினா மேட்ரன். முப்பத்தெட்டு வயது. ஜூன் மாதம் புதிதாக வந்து சேரும் பிள்ளைகள் வீட்டை நினைத்து அழுவார்கள். அழாதே என்று அவள் சொல்லமாட்டாள். ஒரு கூடை சாக்ஸைக் கொண்டுவந்து போட்டு, "இதுல ஜோடி சேர்த்துக் குடு பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பாதிக் கூடை முடிவதற்குள் அந்தப் பிள்ளை தன் ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்திருக்கும்.

அந்த ஃபெமினாதான் ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில், ஒரு பிள்ளையின் தலையில் வைத்த சீப்போடு அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளை பயந்துபோய் நர்ஸ் அனிட்டாவைக் கூட்டி வந்தது.

"என்ன மிஸ், என்ன செய்யுது?"

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். அடுத்து என்ன செய்யணும்னு தெரியல."

அதற்குள் பல வாரமாக அவளுக்குத் தூக்கம் இல்லை. சோற்றில் ருசி இல்லை. துணி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவி வருவாள். யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தபோது எல்லோரும் காரணம் கேட்டார்கள். குழந்தை இல்லாத குறை என்றார்கள், மாமியார் கொடுமையோ என்றார்கள். இரண்டும் இல்லை. ஒரு காரணமும் இல்லாமல் இப்படி ஆகுமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அனிட்டாதான், "காய்ச்சலுக்குக் காரணம் கேட்டுக்கிட்டா மாத்திரை போடுறோம்?" என்று சொல்லி, வத்தலக்குண்டில் ஒரு மனநல மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தாள்.

அவள் கணவன் ராபின் சுற்றுலா வேன் ஓட்டுகிறவன். சொன்னதும் மறுப்பே சொல்லவில்லை. அன்றைய சவாரியை வேறொருவருக்கு மாற்றிவிட்டு, தன் வேனிலேயே மலையிறக்கிக் கூட்டிப்போனான். டாக்டரம்மா எல்லாம் கேட்டு எழுதி, மாத்திரை தொடங்கி, பேசுவதற்கும் மாதம் ஒருமுறை வரச் சொன்னார். "நல்லா ஆயிட்ட மாதிரி இருக்கும், அப்பவும் நீங்களா நிறுத்திடக் கூடாது" என்றார். ராபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவ மறந்துருவா டாக்டர். நானே என் கையால குடுத்துர்றேன்" என்றான்.

அப்படியேதான் கொடுத்தான். இரவுச் சாப்பாடு முடிந்ததும் வெந்நீரும் மாத்திரையும் அவள் முன்னால் வந்துவிடும். வெளியூர் சவாரி என்றால் தன் அம்மா கித்தேரியம்மாளிடம் கொடுத்துவிட்டுப் போவான். அவர்கள் குடியிருந்த நாயுடுபுரத்தில் அந்தத் தெருப் பெண்கள் எல்லாம், புருஷன் என்றால் ராபின் மாதிரி இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். ஃபெமினாவுக்கும் அந்தப் பெருமை இருந்தது. கிறிஸ்துமஸ் வாக்கில் தூக்கம் திரும்பியது. ஈஸ்டர் பூசையில் பழையபடி பாடகர் குழுவில் நின்று பாடினாள்.

மே மாதம் ஒருநாள் மாத்திரை கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

"ஏங்க, இது வேற மாதிரி இருக்கு?"

"கம்பெனி மாத்தியிருக்காய்ங்களாம். மருந்து அதேதான். முழுங்கு."

முழுங்கினாள். சில நாளில் தலை சுற்றத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தால் மண்டைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. குளியலறையில் தடுமாறி விழுந்தாள். ராபின்தான் தூக்கிவிட்டு, முழங்காலுக்கு மருந்து போட்டான். ஜூனில் பள்ளி திறந்தபோது மறுபடியும் தூக்கம் போயிருந்தது. புதுப்பிள்ளைகள் அழுதார்கள். சாக்ஸ் கூடையைத் தூக்கவே அவளால் முடியவில்லை.

பள்ளி திறந்த வேலையில் அந்த மாதம் டாக்டரிடம் போக முடியவில்லை. ஜூலையில் போனார்கள். ராபின் பக்கத்து நாற்காலியில் இருந்தான்.

"மாத்திரை ஒழுங்கா எடுக்குறீங்களாம்மா?"

அவள் வாய் திறப்பதற்குள் ராபின் சொன்னான். "ஒரு நாளும் தவறல டாக்டர். நாந்தானே குடுக்குறேன்."

டாக்டரம்மா யோசித்துவிட்டு அளவைக் கூட்டி எழுதினார். அன்றிலிருந்து ராபின் இரண்டு மாத்திரையாகக் கொடுத்தான். ஒன்றும் மாறவில்லை. ஆகஸ்டில் பள்ளிக்கூடம் அவளை நீண்ட விடுப்பில் போகச் சொன்னது. மருந்துக்கும் அடங்காத சீக்கு தனக்கு வந்திருக்கிறது என்று ஃபெமினா முடிவு செய்துகொண்டாள். தான் இருப்பதே வீட்டுக்குப் பாரம், இல்லாமல் போனால் ராபினாவது நிம்மதியாக இருப்பான் என்ற எண்ணம் வர ஆரம்பித்தது. இரண்டு மூன்று நாள் அது போகாமல் கூடவே இருந்தது. ராபின் கூக்கால் பக்கம் சவாரி போயிருந்த ஒரு காலையில், அந்த எண்ணத்துக்கே பயந்து அனிட்டாவுக்குப் போன் செய்தாள்.

"சிஸ்டர், சாகணும்னு தோணிக்கிட்டே கெடக்கு. பயமா இருக்கு."

அனிட்டா பதறவில்லை. "சொன்னீங்கள்ல, அது போதும். அத்தை பக்கத்துல போயி உக்காருங்க, இந்தா வர்றேன்" என்றாள். ஆட்டோ பிடித்து வந்தாள். அவளே டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். நாளைக்கு வெள்ளனே கிளம்பி வரச் சொன்னார் டாக்டரம்மா. இன்றைக்கு அவளைத் தனியாக விட வேண்டாம், வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை எல்லாம் எடுத்து வர வேண்டும் என்றார்.

சமையலறை மேல்தட்டில் ஒரே ஒரு அட்டைதான் இருந்தது. அனிட்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். டாக்டர் சீட்டில் எழுதியிருந்த பெயர் அதில் இல்லை.

இருவருமாக மருந்துக்கடைக்கு நடந்தார்கள். கடைக்காரர் சேனாதிபதி அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "இது கால்சியம்க்கா. அண்ணன் இதத்தான் வாங்கிட்டுப் போறாரு. அந்தப் பழைய மாத்திரை வாங்கி ரொம்ப நாளாச்சே. குணமாயிருச்சு, டாக்டர் நிறுத்திட்டாங்கன்னு சொன்னாரு."

ஃபெமினா டாக்டரின் சீட்டை எடுத்துக் கடைப் பலகைமேல் வைத்தாள். அதில் எழுதியிருந்த மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அனிட்டா கூடவே இருந்தாள்.

இருட்டத் தொடங்கும்போது ராபின் வந்தான். இரண்டு அட்டைகளும் மேசைமேல் இருந்தன.

"இது என்ன மாத்திரைங்க?"

அவன் பார்த்தான். உட்கார்ந்தான். "சேனாதிபதி சொன்னானா?" என்று கேட்டான்.

இன்றைக்கு உனக்கு எப்படி இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. யார் சொன்னது என்றுதான் கேட்டான். அது அவளுக்குப் பிறகும் வெகுநாள் வலித்தது.

"நல்லா ஆயிட்டியே ஃபெமி. பாடுன, சிரிச்ச. இனி எதுக்குன்னு நெனச்சேன். இத ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் விட முடியாதுன்னு ஸ்டாண்டுல எல்லாரும் சொன்னாய்ங்க."

"டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாம். என்கிட்டயாவது கேட்டிருக்கலாம்."

அவன் கால்சியம் அட்டையை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"நான் தலை சுத்தி விழுந்தேனே, அப்ப?"

"ரெண்டு நாள்ல சரியாயிரும்னு இருந்தேன்."

"ஒரு நாளும் தவறலன்னு டாக்டர் முன்னாடி சொன்னீங்களே, அப்ப?"

ராபின் முகத்தை மூடிக்கொண்டான். "அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நீ என்னைய என்ன நெனப்ப?"

அடுப்படியிலிருந்து கித்தேரியம்மாளின் குரல் வந்தது. "அவன் என்ன கெட்டதுக்கா செஞ்சான்? நீ நல்லா இருக்கணும்னுதானே. நானுந்தான் தெனம் முழங்கால் போட்டு செபம் பண்ணிக்கிட்டு இருந்தேன்."

ஃபெமினா மெதுவாகத் திரும்பினாள். "அத்தை, உங்களுக்கும் தெரியுமா?"

கித்தேரியம்மாள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அவன் வெளியூர் போன நாட்களில் இதே அத்தைதான் மாத்திரையைக் கையில் வைத்து, தலையைத் தடவிக் கொடுத்தவர். என்னால் ஏன் தேற முடியவில்லை என்று ஃபெமினா அழுதபோதெல்லாம் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தார்கள். ராபின் அவள் கண்ணீரைத் துடைத்திருக்கிறான். காரணம் தெரிந்துகொண்டே துடைத்திருக்கிறான்.

அன்று அனிட்டாவின் அறையில் தங்கினாள். விடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்த டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு மருந்து கேக்காம இல்லம்மா. மருந்து போகவே இல்ல. தலை சுத்துனதும் அத திடீர்னு நிறுத்துனதாலதான். உங்க மேல எந்தத் தப்பும் இல்ல" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபிறகுதான் ஃபெமினாவுக்கு அழுகை வந்தது. எடுத்த எடுப்பில் பெரிய அளவு வேண்டாம், சிறிய அளவிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்றார் டாக்டரம்மா. சாகத் தோன்றினால் யாரைக் கூப்பிடுவது என்று பேசி, அனிட்டாவின் எண்ணையும் தன் எண்ணையும் போனில் முதலில் வைக்கச் சொன்னார். சில வாரங்களுக்கு வாரம் ஒருமுறை வரச் சொன்னார். மாத்திரையை அனிட்டா வைத்துக்கொள்ளட்டும், ஆனால் அட்டையைப் பார்த்து, பெயரைப் படித்து, ஃபெமினாவே பிரித்துப் போட வேண்டும் என்றார்.

இந்த முறை தேற முன்பைவிட அதிக நாள் ஆனது. மாத்திரை வேலை செய்தது. ஆனால் யாராவது அன்பாகத் தண்ணீர் நீட்டினால் கை பின்வாங்கியது. அதையும் மாதாமாதம் டாக்டரம்மாவிடம் பேசினாள். பொங்கல் முடிந்து பள்ளி திறந்தபோது பாதி நாள் வேலைக்குச் சேர்ந்தாள். அதுவரை அனிட்டாவின் அறையிலேயே இருந்தவள், அட்டுவம்பட்டியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டாள்.

பங்குச்சாமியார் கூப்பிட்டுப் பேசினார். "பாசத்துல செஞ்சுட்டாம்மா. மன்னிச்சிரும்மா."

"மன்னிக்கிறது வேற ஃபாதர். மறுபடியும் அவரு கையில இருந்து வாங்கிக் குடிக்கிறது வேற. என்னால ஏலல."

ராபின் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நிற்பான். இளைத்துப்போயிருந்தான். ஒருநாள், டாக்டரம்மாவைத் தானும் தனியாகப் போய்ப் பார்த்து, நடந்ததை ஒப்புக்கொண்டதாகச் சொன்னான்.

"நல்லது" என்றாள் ஃபெமினா.

"நீ எப்ப வருவ?"

"தெரியலங்க. வருவேன்னும் சொல்ல மாட்டேன், வர மாட்டேன்னும் சொல்ல மாட்டேன். இப்பத்தான் தூங்குறேன். அத மொதல்ல பாக்கணும்."

அவன் தலையாட்டினான். வேனில் கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, எதிரே வந்த அட்டுவம்பட்டி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.