நிறுத்தாமலே கூட்டினேன்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்த முதல் ஆள் நான். வெல்லாவெளியில் வயல் செய்கிறவர்களின் மகன். இப்போது மட்டக்களப்பில், வாவியைப் பார்த்த ஒரு மாடியில், வங்கியொன்றின் எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான மெயின்பிரேம் கணினியைக் கவனிக்கும் வேலை. கணினி இருப்பது கொழும்பில். எங்கள் கையில் திரையும் விசைப்பலகையும்தான். இது நடந்தபோது வேலை நிரந்தரமாகியிருக்கவில்லை.

அறுவடையும் சம்பள நாளும் ஒன்றாக வந்த ஒரு வெள்ளிக்கிழமை, காலையிலேயே கணினி திணறத் தொடங்கியது. மத்தியானம் எல்லாவற்றையும் நிறுத்தி, கணக்குப் போடும் பாகங்களான புரோசசர்களின் எண்ணிக்கையைக் கூட்டி, மறுபடி இயக்குவதென்று மனேஜர் முடிவெடுத்துவிட்டார். பழைய கணினிக்கு அப்படித்தான் செய்ய வேண்டியிருந்ததாம். கணினி மாறியது, பழக்கம் மாறவில்லை.

"நிப்பாட்டத் தேவையில்ல சேர்," என்றேன்.

இந்தக் கணினிக்குள் கூடுதல் புரோசசர்கள் ஏற்கெனவே உறங்கிக்கொண்டிருக்கின்றன. வேண்டும்போது, கணினி நிறுவனம் தந்த உரிமத்தைத் திறந்து எழுப்பலாம். ஆனால் அவற்றுக்கென்று அமைப்பில் முன்கூட்டியே இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அதை எப்போதும் வெறுமையாகவே விடுவார்கள். பிறகு நிறுத்தாமல் வழியில்லை. போன பராமரிப்பின்போது, மனேஜரிடம் சொல்லிவிட்டே, நான் அந்த இடத்தை ஒதுக்கியிருந்தேன். அவர் காதில் விழுந்ததோ தெரியாது.

"தம்பி, இதென்ன உங்கட வயல் வட்டையில தண்ணி திறக்கிற வேலையெண்டு நினைச்சியா?"

"ஓம் சேர், அதேதான். தண்ணியக் கூட்டுறதுக்கு ஓடுற வாய்க்கால ஆரும் அடைக்கிறதா?"

பக்கத்து நாற்காலிக் காத்தான்குடி நண்பன் குனிந்துகொண்டு சிரித்தான். "மச்சான், பிழையாப் போனா நாளைக்கு அந்த வட்டைக்குத்தான் நீ வேலைக்குப் போகணும்."

அந்த நேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு. ஊர்ப்பக்கத்துக் கிளையின் வாசலில் நின்றிருந்தார்.

"மனே, வெட்டு மெஷின்காரன் கூலிக் காசுக்கு வரம்பில நிக்கான். உங்கட பாங்கு மத்தியானம் நிக்கப்போகுதாமே? மறுகா நான் என்ன செய்ய?"

"நிக்காதும்மா. வரிசைய விட்டுப் போயிராதீங்க."

வைத்துவிட்டு நிமிர்ந்தால், மனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரக் கேட்டு வாக்குக் குடுத்த?"

"ஆரையும் கேக்கல்ல சேர். பிழைச்சா என்னைத் தூக்குங்க."

"செய். பிழைச்சா உன்ட பேர்தான் மேல போகும்."

உரிமத்தைத் திறந்தேன். கட்டளையைத் தட்டினேன். ஒன்றன்பின் ஒன்றாகப் புரோசசர்கள் விழித்தன. ஓடிக்கொண்டிருந்த ஒரு வேலையும் அறுபடவில்லை. திணறல் மெல்ல இறங்கியது. வரிசை நகர்கிறதென்று அம்மா மறுபடி அழைத்துச் சொன்னார். ஏன் இவ்வளவு நேரம் பிடித்ததென்று ஏச்சும் விழுந்தது.

மனேஜர் தேநீரைக் குடித்து முடித்தார். "சரி, இண்டைக்குத் தப்பிட்ட. அடுத்தமுறை வழமை மாதிரி நிப்பாட்டியே செய்வம். அதுதான் பாதுகாப்பு."

"அப்ப வேற ஆளைக் கொண்டு செய்வியுங்க சேர். நான் நிப்பாட்ட மாட்டன்."

நான் என் இடத்துக்குத் திரும்பினேன். பின்னேரம் கூட்டம் குறைந்ததும், அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, எழுப்பிய புரோசசர்களைத் திரும்ப உறங்கவைத்தேன். அப்போதும் ஒன்றையும் நிறுத்தவில்லை.