மச்சானின் ஸ்பீக்கர் போன்

என் அக்கா வீட்டுக்காரர் பூமிநாதனுக்குக் கண்டரமாணிக்கத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. ஆனால் விவசாயி பூமிநாதன் என்று விசாரித்தால் யாருக்கும் தெரியாது. பெண் மாப்பிள்ளை பேசி முடிக்கிறவர் என்று கேளுங்கள், பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே வீட்டுக்குக் கை காட்டுவார்கள். தரகர் என்றால் அவருக்குக் கோபம் வரும். சொந்தபந்தத்துக்குள் பேசிவிடுகிறவர், அவ்வளவுதான். இந்த வீட்டில் கேட்டதில் எதை அந்த வீட்டில் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்பதில் மனுஷர் கெட்டிக்காரர்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணுன்னு சொல்லுவாக. நான் ஒரு பொய்கூடச் சொல்றதில்ல மாப்ளை. சிலதைச் சொல்லாம விட்ருவேன், அம்புட்டுத்தான்" என்பார் என்னிடம்.

இப்பேர்ப்பட்டவரின் போனுக்கு இந்த வருஷம் கேடு வந்தது. காதில் வைத்தால் எதிராளி பேசுவது கேட்காது. ஸ்பீக்கரில் போட்டால் தெரு முழுக்கக் கேட்கும். ரொம்பப் பழைய போன். மாற்றித் தொலையுங்கள் என்று நானும் அக்காவும் தலைப்பாடாக அடித்துக்கொண்டோம். கேட்டால்தானே! தண்ணீரே படாத போனை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தார். வெயிலில் காயப்போட்டார். காது வைக்கும் இடத்தில் சேப்டி பின்னை விட்டுக் குத்திக் குடைந்தார். கடைசியில், போன் அடித்தால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கரைக்கு ஓடுவது என்று பழகிக்கொண்டார். அங்கே ஆடு மேய்ப்பவர்கள் இருந்தார்கள். எந்தப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை என்பது ஊரில் அவர்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.

காரைக்குடியில் ஒரு கடையில் போர்டு போய்விட்டது என்றார்கள். இன்னொரு கடையில் போனைக் கையில்கூட வாங்காமல் புதுசு வாங்கச் சொன்னார்கள். அப்போதுதான் எங்கள் ஊர் சின்னச்சாமி, "நம்ம புள்ளகிட்டக் குடுங்கண்ணே, பாத்துரும்" என்றார். அவர் மகள் சினேகா காரைக்குடியில் செல்போன் சர்வீஸ் கடை ஒன்றில் வேலை பார்க்கிறாள்.

அந்தச் சினேகாவுக்குத்தான் மச்சான் அப்போது மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தார். கீழச்சிவல்பட்டி அம்மாக்கண்ணுவின் மகன் விக்கி. வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக ஏற்பாடு. சினேகா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன். மச்சான் போய்ச் சொன்னார். "சரின்னுட்டாக" என்று திரும்பி வந்தார். சின்னச்சாமி வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

புதன்கிழமை மச்சானை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். சினேகா எங்களை உட்காரச் சொல்லிவிட்டுப் போனை வாங்கினாள். ஒரு ஹெட்செட்டைச் செருகிப் பிடுங்கினாள். சில சமயம் ஹெட்செட் மாட்டியிருப்பதாகப் போன் நினைத்துக்கொண்டு காதுப் பக்கம் சத்தம் விடாமல் இருக்குமாம். அது இல்லை என்று தெரிந்ததும், காது வைக்கும் இடத்திலிருந்த குட்டிச் சல்லடையை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"பெரியப்பா, சட்டைப் பையில போனோட வேற என்ன வப்பீக?"

மச்சான் பைக்குள் கையை விட்டார். இளையாத்தங்குடி கோயில் விபூதிப் பொட்டலம் வந்தது. சம்பந்தம் பேசப் போகிற நாளெல்லாம் சாமி கும்பிட்டுவிட்டு, விபூதியைக் காகிதத்தில் மடித்துப் பையில் வைத்து, அதன்மேல் போனைத் தலைகீழாகச் செருகுவது அவர் வழக்கம்.

"அதான் அடைச்சிருக்கு. பின்னை விட்டுக் குத்தி இன்னும் உள்ள தள்ளியிருக்கீக. போர்டெல்லாம் ஒண்ணும் போகல" என்று பிரஷ்ஷை எடுத்துத் தட்டத் தொடங்கினாள்.

அவள் கையில் இருக்கும்போதே போன் அடித்தது. திரையில் 'கீழச்சிவல்பட்டி மாப்ளை வீடு' என்று வந்தது.

"கட் பண்ணிரு ஆத்தா, அப்புறம் பேசிக்கிறேன்" என்று மச்சான் எழுந்தே விட்டார்.

"இருங்க பெரியப்பா, ஸ்பீக்கராவது ஒழுங்கா இருக்கான்னு பாத்துருவோம்." குறும்பாகத்தான் சொன்னாள். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள்.

அம்மாக்கண்ணுவின் குரல் கணீரென்று வந்தது. "அண்ணே, வெள்ளிக்கிழமை வாரோம்ல, ஒண்ணு ஞாபகப்படுத்தலாம்னு கூப்பிட்டேன். அந்தப் புள்ள வேலைக்குப் போற பேச்சை யாரும் கிளறிறாதீக. அன்னைக்கே சொன்னேன்ல, இப்பச் சரின்னுருவோம், தாலி ஏறுனதும் நிப்பாட்டிக்கலாம்னு. கடையில உக்காந்து கண்டவுக போனை நோண்டுறதெல்லாம் நமக்குச் சரிவராது. அங்குட்டு ஒண்ணும் சொல்லிறலையே?"

எனக்கு மச்சான்மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது. அந்த அம்மாள் சரி என்றது உண்மைதான். அதற்குப் பின்னால் சொன்ன மீதியை இவர் விழுங்கிவிட்டு வந்திருக்கிறார். சினேகா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். மச்சான் முகத்தையே பார்த்தாள், கண் நிறைந்திருந்தது.

"அண்ணே, லைன்ல இருக்கீகளா?"

பஸ்ஸில் இருக்கிறேன், சத்தமாக இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்க மச்சானுக்குத் தெரியாதா என்ன! ஆனால் அவர் மேசைமேல் குனிந்து, "இருக்கேன்த்தா. நான் அங்க சொல்லல, மறைச்சது என் தப்பு. போனு அந்தப் புள்ள முன்னாலதான் கிடக்கு. எல்லாம் கேட்டுருச்சு" என்றார்.

அடுத்துச் சினேகா போன் பக்கம் குனிந்தாள். "நான் வேலைய விட மாட்டேன் அத்தை. வெள்ளிக்கிழமை நீங்க வர வேணாம்."

போன் கட்டாகிவிட்டது. சினேகா கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பிரஷ்ஷை எடுத்து, மிச்சப் பொடியையும் சுத்தமாகத் தட்டி முடித்தாள். பிறகு, காதில் கேட்கிறதா என்று பார்க்க, தன் போனிலிருந்து கூப்பிட்டபடி வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து நின்று பேசினாள். மச்சான் போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கேக்குது ஆத்தா, நல்லாக் கேக்குது" என்றார். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

வண்டியில் ஏறியதும், "என்ன மச்சான் சொன்னுச்சு?" என்றேன். சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"'அப்பாகிட்ட நான் சொல்லல, நீங்களே சொல்லுங்க பெரியப்பா'ன்னுச்சு. வண்டிய நேரா அங்க விடு" என்றார்.

சின்னச்சாமி எங்களைப் பார்த்ததும் வாங்க வாங்க என்று செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். மச்சான் வாங்கவில்லை.

"முதல்ல நான் சொல்றதைக் கேளு சின்னச்சாமி. அப்புறமும் குடுக்கணும்னு உனக்குத் தோணுச்சுன்னாக் குடு."