கடலுக்கடியில் இருபத்தேழு புள்ளிகள்

தாம்பரம் மேற்கில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். எல்லோரும் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தவர்கள், இல்லையென்றால் அதைப் படித்துக்கொண்டிருந்தவர்கள். மென்பொருளுக்குக் காப்புரிமை தரலாமா கூடாதா என்று தில்லியில் சட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கு அதைத் தவிர வேறு பேச்சே இருக்கவில்லை. பதிப்புரிமை, காப்புரிமை, தகவல் யாருக்குச் சொந்தம் என்று கரும்பலகை நிறைய எழுதி வாதாடுவோம்.

அங்கே அதிகம் பேசுகிறவள் நான்தான். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டில் அப்பா பேசினால் மற்றவர்கள் கேட்க வேண்டும். ஆபீசில் மேனேஜர். வாரமெல்லாம் வாய்க்குள் சேர்ந்ததை அந்த மாடியில் கொண்டுபோய்க் கொட்டுவேன்.

என்னோடு என் தோழி வருவாள். சானடோரியத்தில் இருந்த எங்கள் ஆபீசில் அவளுக்கு எனக்கு அடுத்த இருக்கை. இருவருக்கும் ஒரே வேலை, மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிப்பது. கேளம்பாக்கத்திலிருந்து கிழக்கே போனால் வரும் ஒரு மீனவக் குப்பம் அவள் ஊர். அந்தக் குப்பத்தில் கம்ப்யூட்டர் படித்து வேலைக்கு வந்த முதல் பெண் அவள். வாரநாட்களில் அஸ்தினாபுரத்தில் மூன்று பெண்களோடு ஓர் அறையில் இருந்தாள். எங்கள் வீட்டில் மீன் கிடையாது என்பதால் அவள் ஊரிலிருந்து கொண்டுவரும் வறுத்த சங்கராவை அந்த அறையில் உட்கார்ந்துதான் தின்பேன். பிறகு எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். எனக்கு அவளைவிட நெருக்கமானவர் யாரும் அப்போது இல்லை.

ஒரு ஞாயிறு நான் கோலத்தை உதாரணமாகச் சொன்னேன்.

"எதிர் வீட்டுக்காரங்க போட்ட கோலத்தைப் பார்த்து நான் எங்க வாசல்ல போட்டா அவங்க கோலம் அழிஞ்சுடுமா? தகவலும் அப்படித்தான். கொடுக்கறதால குறையாது. குறையாத ஒண்ணுக்கு எப்படி வேலி போடறது?"

அவள் வழக்கமாகப் பேசமாட்டாள். அன்று பின்னாலிருந்து கேட்டாள். "கோலம் சரிடி. மீன் இருக்கற இடத்தை ஒருத்தன் சொல்லிட்டான்னு வையி. அவனுக்கு மீன் குறையும் இல்ல?"

"அது மீனோட பிரச்சினை. தகவலோட பிரச்சினை இல்ல" என்றேன் யோசிக்காமல்.

மாடி முழுக்கச் சிரிப்பு. ஒருவர் கைகூடத் தட்டினார். அவளும் சிரித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அன்று மிகவும் சந்தோஷமாக இருந்தது.

சுனாமி வந்துபோன அடுத்த வருடம் அது. அவர்கள் குப்பத்தில் கட்டுமரங்கள் போய், உதவிக்கு வந்தவர்கள் கொடுத்த ஃபைபர் படகுகள் நின்றன. சிலருக்குக் கையடக்கமான ஜிபிஎஸ் கருவியும் கொடுத்திருந்தார்கள். கடலில் நிற்கும் இடத்தை அது எண்களாகக் காட்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

அவள் அண்ணனிடம் அப்படி ஒன்று இருந்தது. ஒரு சனிக்கிழமை அவள் என்னை ஊருக்குக் கூட்டிப்போனபோது, பாலித்தீன் பையில் நாலு சுற்றுச் சுற்றி வைத்திருந்த கருவியை எடுத்து என் முன்னால் வைத்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். உரக்கப் பேசத் தெரியாத மனிதர்.

"பழசுல தண்ணி பூந்து கெட்டுப் பூட்ச்சிம்மா. அதுல இருந்த பார் எல்லாத்தையும் மறுக்கா கடலுக்குப் போயி ஒண்ணொண்ணா குறிச்சேன். ஆறு மாசம் ஆச்சு. இதுவும் பூட்ச்சின்னா இன்னா பண்றது? உன் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிக்க முடியுமா?"

பார் என்றால் கடலுக்கடியில் பாறை கிடக்கிற இடம். மீன் அங்கேதான் கூடும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். எந்த இடம் என்று தெரிந்தவன் தூண்டில் போட்டால் களவாவும் சங்கராவும் ஏறும், தெரியாதவன் டீசலைச் செலவழித்துவிட்டு வெறும் கையோடு வருவான்.

"எத்தனை இருக்குண்ணா?"

"இருவத்தேழு. பதினஞ்சு நம்முது, அப்பா காலத்துலேர்ந்து வந்தது. மிச்சம் என்கூட போட்டுல வர்ற மூணு பேருது."

நான் லேப்டாப்பைத் திறந்து வயரை மாட்டினேன். அவர் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினார். காற்றில் மணல் வருகிறதே என்று சாத்துகிறார் என நினைத்தேன். இருபத்தேழு வரிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் இருந்தது. அவர் பெயரைச் சொல்லச் சொல்ல நான் தட்டெழுதினேன். யாரிடமும் காட்டாதே என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்காது.

இதற்குப் பிறகு நான் செய்ததை எந்தச் சமாதானமும் சொல்லாமல் எழுதப் பார்க்கிறேன்.

உலகத்தின் வரைபடத்தை எல்லோரும் சேர்ந்து வரைந்து எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கும் ஒரு திட்டம் இணையத்தில் அப்போது தொடங்கியிருந்தது. எங்கள் மாடிக் கூட்டம் முழுக்க அதில் இறங்கியது. ஒருவர் குரோம்பேட்டைத் தெருக்களை ஸ்கூட்டரில் சுற்றி வரைந்தார். இன்னொருவர் ஏரிகளை வரைந்தார். நான் எதுவும் வரையவில்லை. வரைபடத்தில் நம் கடற்கரைக்குக் கிழக்கே வெறும் நீலம் மட்டும் கிடந்தது. என்னிடம் இருபத்தேழு புள்ளிகள் இருந்தன. பாறை இயற்கை, அது யாருடையதும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டேன். அது நாகரிகம் என்றும் நினைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம் என்ற உரிமத்துக்கு நேராக டிக் அடித்தேன். அடுத்த ஞாயிறு அதைத் திரையில் போட்டுக் காட்டியபோது எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அவள் அன்று ஊருக்குப் போயிருந்தாள். திரும்பியதும் அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பிறகு சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுதான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எட்டொன்பது மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவள் என்னை ஆபீஸ் கேன்டீனுக்குக் கூப்பிட்டாள். ஒரு அட்டைப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். ஜிபிஎஸ் கருவி. மீன் கிடைக்கும் இடங்கள் முன்பே பதிந்து தரப்படும் என்று மேலே அச்சடித்திருந்தது. ஏதோ ஒரு சின்ன கம்பெனி. வடக்கே துறைமுகத்துப் படகுக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கியிருக்கிறார்கள்.

"அண்ணன் போற பார்லயெல்லாம் வேற ஆளுங்க போட்டு நிக்குது. அண்ணன் இதை வாங்கிப் பார்த்துச்சு. அண்ணன் கருவில இருந்த அதே வரிசை. ஒண்ணுலேர்ந்து இருவத்தேழு வரைக்கும் அதே வரிசை." பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "நீ யாருக்காவது குடுத்தியா?"

"யாருக்கும் குடுக்கலை. நெட்ல போட்டேன்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே காது கூசியது. அவசரமாகச் சேர்த்தேன். "பேரெல்லாம் எடுத்துட்டுத்தான் போட்டேன்."

"பேரு இருந்திருந்தாலாச்சும் எங்களுதுன்னு தெரிஞ்சிருக்கும்."

பிறகு என்னிடம் என்றுமே பேசாத அவள் ஊர்ப் பேச்சில் சொன்னாள். "எங்கண்ணன் கதவ சாத்திக்கினு குடுத்திச்சிடி உங்கைல. கூடப் பொறந்த என்னாண்டயே அது அந்தப் பார் பேரெல்லாம் சொன்னதில்ல."

மணலுக்காக அல்ல என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அன்றே புள்ளிகளை அழித்தேன். அழித்து என்ன? பலரும் ஏற்கெனவே நகலெடுத்திருந்தார்கள். அந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். தகவலை வெளியிட்டவரே விற்கவும் அனுமதித்திருக்கிறார் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. உண்மைதான். அந்த டிக் நான் அடித்தது. அவர்கள் பெட்டியின் அடியில் மட்டும் எல்லா உரிமைகளும் தங்களுக்கே என்று போட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் கொதித்துப்போனார்கள். உரிமத்தை மீறிவிட்டான், நம் பெயரைப் போடவில்லை, வழக்குப் போடலாம் என்றார்கள். பாறை இருக்கும் இடம் வெறும் உண்மை, உண்மைக்குப் பதிப்புரிமை உண்டா என்று ஒருவர் கேட்டார். தனித்தனி உண்மைக்கு இல்லை, தொகுத்தால் உண்டு என்றார் இன்னொருவர். கரும்பலகை நிறைந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. அந்த அண்ணனுக்கு இனி மீனுக்கு என்ன வழி என்று ஒருவரும் கேட்கவில்லை. வேறு யாருடைய கதையாகவோ இருந்திருந்தால் நானும்தான் கேட்டிருக்கமாட்டேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பிறகு அங்கே போகவில்லை.

அதைவிடப் பெரிய அடி ஒன்று இருந்தது, அதை அவள் என்னிடம் சொல்லவில்லை. ஆபீசில் அவள் ஊர்ப்பக்கத்து டிரைவர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அண்ணன்தான் பார்களைத் துறைமுகத்துக்காரர்களுக்கு விற்றுவிட்டார் என்று குப்பத்தில் நம்பினார்கள். அவருடைய படகில் வந்த மூவரும் விலகிக்கொண்டார்கள். தனியாகப் போய் அவர் கொண்டுவந்த மீனைக் கரையில் யாரும் ஏலத்துக்கு எடுக்கக்கூடாது என்று ஊரில் தடை போட்டார்கள். பஞ்சாயத்தில் நிற்கவைத்துக் கேட்டபோது அவர் வாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் என்னைச் சொல்ல வேண்டும். என்னை வீட்டுக்குள் கூட்டிவந்தவள் அவர் தங்கை.

ஊருக்கு வந்து உண்மையைச் சொல்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். வரக்கூடாது என்றாள். "நீ வந்தா அங்கயும் லைசென்ஸ் பத்திப் பேசுவ." இருந்தும் போனேன்.

மீன் வலைகள் காய்ந்துகொண்டிருந்த கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் ஓரமாக நின்றார். என்னைக் கண்டதும், "இன்னாத்துக்கும்மா வந்த? வூட்டுக்குப் போ" என்றார். நான் தலைவரைப் பார்த்துச் சொன்னேன். "அண்ணன் மேல எந்தத் தப்பும் இல்லைங்க. பத்திரமா வெச்சிருக்கச் சொல்லி என்கிட்ட குடுத்தாரு. நான்தான் வெளியில விட்டேன்."

"எவ்ளோவுக்கு வித்த?" என்றார் தலைவர்.

"காசு வாங்கலைங்க. சும்மாதான் போட்டேன். எல்லாரும் பார்க்கட்டும்னு."

அவருக்குப் புரியவில்லை. பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"சும்மாவா?" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில். "வித்துருந்தாகூட, இன்னாவோ கஷ்டம் போலக் கீது, வேற வழி இல்லாம வித்துட்டாங்கோன்னு மனச தேத்திக்குவோம். சும்மா தூக்கிக் குடுத்துட்டியேம்மா."

எத்தனையோ பேரை வாதத்தில் மடக்கியிருக்கிறேன். அன்று அழுதேன். அழுவதும் அந்த இடத்தில் சலுகை கேட்பதுபோல இருந்ததால் அதையும் அடக்கிக்கொண்டு நின்றேன்.

அண்ணன் மீதிருந்த தடையை அன்றே எடுத்துவிட்டார்கள். ஆனால் போனவர்கள் அவர் படகுக்குத் திரும்பி வரவில்லை. விற்கவில்லை என்றாலும் வெளியாள் கையில் கொடுத்தது அவர்தானே என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. பார்களில் துறைமுகத்துக்காரர்கள் விட்ட வலைகள் பாறையில் சிக்கிக் கிழிந்து அங்கேயே கிடந்தன. தூண்டில் போட்டால் வலைதான் மாட்டியது. கொஞ்ச நாளில் அவர் படகை விற்றுவிட்டு, வேறொரு ஊரில் இன்னொருவர் படகுக்குக் கூலிக்குப் போனார்.

அதற்கு முன் ஒருமுறை கேளம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்தார். நானாகப் போய் அவர் எதிரில் நின்றேன்.

"வுடும்மா" என்றார். "தெரியாமதான பண்ட்ட." பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவர் திட்டியிருக்கலாம்.

அவள் என்னைத் திட்டவில்லை, சண்டை போடவும் இல்லை. ஆபீசில் இருக்கையை மாற்றிக் கேட்டு வேறு மாடிக்குப் போனாள். லிஃப்டில் பார்த்தால் தலையசைப்பாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் மேசைக்குப் போய், மன்னிப்புக் கேட்டு நாலு பக்கம் எழுதிய கடிதத்தை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ கெட்டவ இல்லடி, எனக்குத் தெரியும்" என்றாள். "ஆனா உன்கிட்ட இனிமே என்னால எதையும் சொல்ல முடியாது. சொல்ல முடியாம எப்படிப் பழகறது?"

டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போனாள். அடுத்த மாதம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாள்.

அதற்கடுத்த வருடம் எங்கள் தளத்தில் நாலைந்து பேருடைய மேசையில் அவள் கல்யாணப் பத்திரிகை இருந்தது. என் மேசையில் இல்லை. தேதியைப் பார்த்து வைத்துக்கொண்டேன். அன்று லீவு போட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தாம்பரத்தில் பஸ் ஏறினேன். அம்மாவிடம் தோழி கல்யாணம் என்று மட்டும் சொன்னேன். வண்டலூர் தாண்டி, கேளம்பாக்கத்தில் இறங்கும்போது ஒன்பது மணி இருக்கும். மண்டபம் அங்கிருந்து பார்க்கிற தூரம்தான். வாசலில் அவள் அண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் நின்று, வருகிறவர்களைக் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். நான் போயிருந்தால் அவர் என்னையும் கும்பிட்டு உள்ளே அனுப்பியிருப்பார். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போய், தாம்பரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன்.