முருங்கைக்காய்களை வெல்வது எப்படி

நாளை நான் ஆதரிக்கும் ரக்பி லீக் அணி, இந்தப் பருவத்தில் யாராலும் வெல்ல முடியாத அணியுடன் மோதுகிறது. எனக்கு இந்த ரக்பிப் பைத்தியம் பிடிக்கவைத்த சிட்னி மச்சான் ஏற்கெனவே அனுதாபம் அனுப்பிவிட்டான்.

ஆனால் என்னிடம் திட்டம் இருக்கிறது.

இன்று பலேர்மோவின் போர்கோ வெக்கியோ சந்தையில், சூசை அண்ணையின் காய்கறிக் கடையில் அதை விளக்கினேன். அவர் எதிரணி ரசிகர். மேசையில் அடுக்கிய முருங்கைக்காய்கள் அவருடைய ஆட்கள், தேசிக்காய் பந்து.

“ஆறுதரம் பிடிபட்டால் பந்து உங்களுக்கு. அதுவரைக்கும் நிக்கமாட்டம் அண்ணை, நாலாவதிலேயே மூலைக்கு உதைச்சிடுவம். உங்கட தடியங்கள் திரும்பி ஓடி ஓடியே களைச்சுப் போவாங்கள்.”

“நல்ல திட்டம்,” என்றபடி தன் அணியை அள்ளிப் பெட்டிக்குள் வைத்தார். “அது சரிவராட்டில்?”

“அதுக்குத்தான் இண்டைக்குப் பின்னேரம் வெறுங்காலோடை மலைக்கோயிலுக்கு ஏறி, எங்கட ஊர்ப் புனிதர் சாந்தா ரொசாலியாவிட்டை நேத்தி வைக்கப்போறன்.”

அண்ணை அப்போதுதான் சிரித்தார்.

“நான் ஒவ்வொரு கிழமையும் ஏறுறன், தம்பி. நாங்கள் சும்மாவோ வெல்லுறம் எண்டு நினைச்சனீர்?”

பலேர்மோவில் சூசை அண்ணைக்கு இன்னும் அறிமுகமாகாத புனிதர் யாராவது இருந்தால், இரவுக்குள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். கொமெண்டில் வேண்டாம், அவர் வாசிப்பார்.