பாகலூர் ரோடு வீட்டின் பிளஷ் டேங்க்

ஓசூரில் பேச்சிலருக்கு வேலை கிடைத்துவிடும், வீடு கிடைக்காது. பாகலூர் ரோட்டில் நாங்கள் மூன்று டிரெயினிகள் ஒரு போர்ஷனைப் பிடித்ததே சாதனை. ஆயுத பூஜை முடிந்த வாரம் ஹவுஸ் ஓனர் வாசலில் வந்து நின்று, காலி பண்ணச் சொன்னார்.

அவர் ஒரு பாக்டரியில் சீனியர் பிட்டர். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் கன்னடம். எங்கள் கக்கூஸ் தரை காயவே மாட்டேன் என்கிறது, மாடித் தொட்டியும் சீக்கிரம் காலியாகிறது. அதுதான் அவர் கோபம்.

"செயினப் புடிச்சித் தொங்கறீங்களாப்பா? டேங்க ஒடச்சி வச்சிருக்கீங்க. ஞாயித்துக்கெழம சாமானத் தூக்கிக்கினு கெளம்புங்க."

"நாங்க ஒடைக்கல சார். எங்க ஒழுகுதுன்னு நானே பாத்துச் சொல்றேன்."

"நீயா? நட்டு எது, போல்ட்டு எதுன்னு நேத்துதான கத்துக்கின."

மெக்கானிக்கல் படித்தவனிடம் சொல்கிற பேச்சா இது. எனக்கு ரோஷம் ஏறிவிட்டது.

"பிளம்பரக் கூப்புடலாம் மச்சி," என்றான் ரூம்மேட்.

"அவன் டேங்க மாத்தணும்பான். மாத்துனா நாமதான் ஒடச்சோம்னு ஆயிடும்டா."

ஸ்டூல் போட்டு ஏறினேன். தண்ணீர் டேங்கின் அடியில் பரவி, பைப்பைப் பிடித்துக்கொண்டே இறங்கியது. எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை டேங்குக்குள் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் வழிகிற தண்ணீர் நீலமாக வந்தது. அப்படியென்றால் டேங்குக்கு வருகிற பைப் ஜாயின்ட்டில் குற்றமில்லை, தண்ணீர் உள்ளேயிருந்துதான் வருகிறது.

டேங்குக்குத் தண்ணீர் வருகிற வால்வை மூடிவிட்டு டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் சொட்டு நின்றிருந்தது. தண்ணீர் மட்டம், அதிகமானால் வழிந்து போக டேங்கின் மேல்பக்கம் வைத்திருக்கிற ஓட்டைக்குச் சற்றுக் கீழே அசையாமல் நின்றது. டேங்கில் விரிசல் இருந்தால் இன்னும் இறங்கியிருக்கும். ஆகவே டேங்க் உடையவில்லை. நிரம்பிய பிறகும் தண்ணீர் நிற்காமல் வந்து, ஓட்டை வழியாக வழிகிறது.

டேங்க் நிரம்பியதும் தண்ணீரை நிறுத்த வேண்டியது மிதவைப் பந்தோடு இருக்கிற அடைப்பான்; அதைக் கழற்றினேன். உள்ளே ரப்பர் வாஷர் ஊறின அப்பளம் போல உப்பிக் கிடந்தது. சுற்றிலும் கறுப்பு கிரீஸ்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூஜையன்று ஓனர் கிரீஸ் டப்பாவோடு கிளம்பி கேட் கீல், மோட்டார், எங்கள் பிளஷ் டேங்க் வரை ஒன்றையும் விடவில்லை. டேங்குக்குச் சந்தனப் பொட்டு வேறு வைத்தார். கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும், சரியாக அடைக்காது.

"இத அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லுவியா? இன்னைக்கே தொரத்துவாருடா."

"சொல்லலன்னா ஞாயித்துக்கெழம தொரத்துவாரு."

பழைய ஹவாய் செருப்பிலிருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். வால்வைத் திறந்தேன். டேங்க் நிரம்பியதும் தண்ணீர் தானாக நின்றது, சொட்டவில்லை. உப்பின வாஷரை எடுத்துக்கொண்டு போய் ஓனர் கையில் வைத்தேன்.

"டேங்க் ஒடையல சார். ரப்பர் கெட்டுப்போச்சு. பூஜைக்கு நீங்க போட்ட கிரீஸ்தான்."

அவர் வாஷரை நசுக்கிப் பார்த்தார். மோந்து பார்த்தார். கன்னடம் வரும் என்று காத்திருந்தேன்.

"எங்க கம்பெனி கிரீஸ்தான் இது," என்றார். பிறகு மெதுவாக, "பக்கத்துப் போர்ஷன்லயும் போட்டுட்டனேப்பா."

"அதயும் பாத்துடலாம் சார். நாங்க ஞாயித்துக்கெழம காலி பண்ணணுமா?"

"யாரு சொன்னது? இருங்கப்பா பேசாம."

செருப்பை எடுத்து வந்தேன். அவர் முன்னால் போய்ப் பக்கத்துக் கதவைத் தட்டினார்.

"தொறம்மா. நம்ம வீட்டு இன்ஜினியர் வந்துருக்காரு."

நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனேன். ஸ்டூலை அவர் பிடித்துக்கொண்டார்.